பயத்தை வென்ற அர்ச்சியசிஷ்ட சூசை வாஸ் சுவாமியார்



பயமில்லாத மனிதன் பூமியில் இல்லை. அதிகாலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகும் தகப்பனுக்கு, அந்த வேலை நிலைக்குமோ என்று பயம். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு, வாங்கிய கடன் அடையுமோ என்று பயம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைப் பிரித்துப் பார்க்கத் தாய்க்குப் பயம். விசுவாசம் உள்ளவனுக்குப் பயமே வராது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். தங்களுக்குப் பயம் வந்துவிட்டால், ஐயோ, என் விசுவாசம் செத்துப்போயிற்றே என்று வேறு கலங்குகிறார்கள். அது தவறான எண்ணம். நம் ஆண்டவராகிய சேசுநாதசுவாமியே ஒலிவத் தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்த்தார் அல்லவா? பயம் வருவது பாவமன்று. பயம் வந்தபிறகு நம் கால்கள் எந்தப் பக்கம் நடக்கின்றன என்பதைத்தான் சர்வேசுரன் பார்க்கிறார்.

இதை வாழ்ந்து காட்டியவர் அர்ச். சூசை வாஸ் சுவாமியார். ஜனவரி 16ஆம் தேதி அவருடைய திருநாள். நம் தமிழைக் கற்று, தமிழ் மக்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்து, அவர்களுக்காகவே தம் உயிரைத் தேய்த்தவர் அவர்.

கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி அவர் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி கொங்கணி. 1676ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டில், தம்மைத் தேவமாதாவின் அடிமையாகக் கையளித்து ஒரு பத்திரமே எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு கன்னட தேசத்துக் கரையோரத்தில் சில ஆண்டுகள் ஞான ஊழியம் செய்தார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலைமை அவர் மனத்தைப் பிசைந்தது.

அந்த நிலைமை என்ன? 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். குருவானவர் ஒருவரை வீட்டில் மறைத்து வைப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த மக்களுக்குத் திவ்விய பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதலும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேளாமல் ஜெபமாலை சொன்ன குடும்பங்கள் எத்தனையோ!

சூசை வாஸ் சுவாமியார் 1686ல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். ஜான் என்னும் பணியாளும் உடன் வந்தான். அங்கியைக் களைந்து, கூலியாள் போல் அரையில் துணி கட்டி, வெறுங்காலோடு தூத்துக்குடி வந்து கப்பலேறினார். வேஷம் போட்டது கோழைத்தனம் என்று யாராவது சொல்வார்களானால், அவர்கள் விவேகம் என்ற புண்ணியத்தை அறியாதவர்கள். தம்மைக் காத்துக்கொள்வதற்காக அவர் ஒளியவில்லை. பிறரிடம் போய்ச் சேருவதற்காகவே ஒளிந்தார். தைரியம் என்பது ஆபத்தின் வாயில் கண்ணை மூடிக்கொண்டு விழுவதன்று.

கடலில் புயல். கப்பல் மன்னார்ப் பக்கம் ஒதுங்கியது. 1687ல் ஒருவாறு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது, அவர் உடம்பு வயிற்றுக்கடுப்பினால் எலும்பும் தோலுமாகியிருந்தது. அந்த நோய் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய அயலார், அவரை ஊருக்குப் புறம்பே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சாவு நெருங்கிய அந்த நேரத்தில், ஒரு பெண்பிள்ளை மனமிரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியால் அவர் பிழைத்தார். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இதன் பலன் தெரியும்.

உடம்பு தேறியதும் பிச்சைப் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போனார். கழுத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டார். யார் அதைக் கண்டு முகம் மாறுகிறார்கள், யார் கண் கலங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். இப்படியாக மறைந்திருந்த விசுவாசிகளை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். தமிழைக் கற்றுக்கொண்டார். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நம் திருத்தணி வட்டாரத்தாருக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். அடுத்தவன் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால், பூட்டிய கதவும் திறக்கும். சில்லாலை என்னும் ஊர் அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இராக்காலத்தில் பூசை செய்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்தார்.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், பூசைக்கென்று மக்கள் கூடியிருந்த இடத்தில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் நுழைந்தார்கள். சுவாமியார் அகப்படவில்லை. மக்களில் பலர் சிறைப்பட்டார்கள். அந்தச் சாதாரண மனிதர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள், நிலபுலன் இருந்தது. அவர்களுக்குப் பயம் இல்லாமலா இருந்திருக்கும்? பயத்தோடேதான் அந்த இரவு பூசைக்கு வந்தார்கள். ஆனாலும் வந்தார்களே, அதுதான் விசுவாசம்.

சுவாமியார் 1690ல் புத்தளம் சென்றார். 1692ல் மலைநாட்டு இராஜதானியாகிய கண்டியை நோக்கி நடந்தார். அங்கே இருந்த பிரெஞ்சு தேசத்தான் ஒருவன், இவர் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று அரசனிடம் கோள் சொன்னான். உடனே பிடித்துக் காவலில் வைத்தார்கள். சிறையில் அவர் என்ன செய்தார்? சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும், அந்த இடத்திலேயே ஒரு குடிசையைக் கட்டிச் சிறு கோவிலாக்கினார். முதலில் அஞ்சி எட்டி நின்ற கத்தோலிக்கர், பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பயம் ஒருவனிடமிருந்து மற்றவனுக்குப் பரவுவது போலத் தைரியமும் பரவுகிறது. வீட்டில் ஒருவர் கலங்காமல் முழங்காலில் நின்றால், மற்றவர்களுக்கும் முதுகெலும்பு நிமிரும்.

அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த மதத்தவன். நாளடைவில் சுவாமியாரின் நேர்மையைக் கண்டு, அவருக்கு விடுதலையும் ஊழியம் செய்ய அனுமதியும் கொடுத்தான். அதன்பின் 1697ல் கண்டியில் பெரியம்மை வந்தது.

அக்காலத்தில் அம்மை என்றால் அதற்கு மருந்தில்லை. அம்மை குத்தும் முறையை ஜென்னர் என்னும் ஆங்கிலேய வைத்தியர் கண்டறிந்தது 1796ல்தான். அந்த நோய் உலகைவிட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது 1980ல். ஆகையால் கண்டி மக்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. அரசனும் பிரபுக்களும் நகரத்தை விட்டு நீங்கினார்கள். வீட்டில் ஒருவனுக்கு முத்துக் கண்டால், அவனைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு உறவினர் ஓடினார்கள். பிணங்களைப் புதைக்க ஆளில்லை.

சூசை வாஸ் சுவாமியார் ஓடவில்லை. அவருக்கு உறவினரும் சககுருவுமான கர்வால்யோ சுவாமியாரோடு தெருத்தெருவாகவும் காடுகாடாகவும் போய், கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்தார். நோயாளிகளுக்குக் குடிசைகள் அமைத்தார். புண்களைக் கழுவினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். இவன் கத்தோலிக்கன், இவன் பௌத்தன் என்று பிரித்துப் பார்க்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னே யாழ்ப்பாணத்தில் ஊருக்குப் புறம்பே கிடந்தபோது, ஒரு பெண்பிள்ளை கொடுத்த கஞ்சியை அவர் மறந்திருப்பாரா? தாம் கைவிடப்பட்டுக் கிடந்த இடத்தில் தம்மைத் தாங்கிய சர்வேசுரனை அவர் அறிந்திருந்தார். ஆகவே கைவிடப்பட்ட மற்றவர்களிடம் போக அவருக்குக் கால் கூசவில்லை. நாம் பட்ட கஷ்டத்தை நினைத்து அழுதுகொண்டேயிருந்தால் அது பயமாக வளரும். அந்தக் கஷ்டத்தில் நமக்குக் கிடைத்த உதவியை நினைத்தாலோ தைரியமாக வளரும்.

பிறகு வேறு குருக்களும் கோவாவிலிருந்து வந்து உதவினார்கள். அவர்களில் 1705ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழிலும் சிங்களத்திலும் ஞானநூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். சூசை வாஸ் சுவாமியார் சொந்த ஊரை மறுபடி பாராமலே, ஏறக்குறைய 24 ஆண்டுகள் இலங்கையில் உழைத்து, 1711 ஜனவரி 16ஆம் தேதி கண்டியில் மரித்தார். 1995ல் அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு நகரில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14ஆம் தேதி, அதே கொழும்பில், பாப்பு பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டர் என்று அறிவித்தார்.

பிரியமானவர்களே, 2020, 2021ஆம் ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருமல் சத்தம் கேட்டால் நெஞ்சு பதைத்த நாட்கள் அவை. விலகியிருக்க வேண்டிய நேரத்தில் விலகியிருந்தது விவேகம்தான். ஆயினும் விலகியிருந்தே வாசற்படியில் ஒரு தூக்குச்சட்டி சோறு வைத்தவர்களும் உண்டு. கதவைத் திறக்காமலே உறவை முறித்தவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இருந்த பயம் ஒன்றே. ஒரு சாராருக்கு அந்தப் பயத்தினிடையிலும் கைக்கு ஒரு வேலை இருந்தது.

ஆகவே இந்த வாரம் பயம் உங்களைப் பிடிக்கும்போது இரண்டு காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, ஜெபமாலையைக் கையில் எடுத்து, பயத்தை ஒளிக்காமல் தேவமாதாவிடம் அப்படியே சொல்லுங்கள். இரண்டாவது, உங்களைவிட அதிகம் பயந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பார்த்து எழுந்து போங்கள். நோயில் படுத்திருக்கும் முதியவர், தேர்வில் தவறிய பிள்ளை, கடன்காரனுக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் குடும்பம் என்று நம் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய புத்திமதி வேண்டாம், ஒரு பாத்திரம் கஞ்சி போதும். அந்தக் கஞ்சியிலிருந்து சர்வேசுரன் என்ன எழுப்புவார் என்று நமக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை.

அர்ச். சூசை வாஸ் சுவாமியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு