அம்மைத் தழும்பும் அண்டை நாடுகளும்

திருப்பரங்குன்றத்தில் என் வயதொத்தவர்களின் தோளுக்குக் கீழே வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். சிறுவயதில் அம்மை குத்தியதன் அடையாளம் அது. என் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. பெரியம்மை ஒழிந்துவிட்டதால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரின் நினைவு வரும்.

1887-ல் கர்நூலில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர் அவர். சென்னையில் மருத்துவம் பயின்று, மகப்பேறு மருத்துவராகப் புகழ்பெற்றார். அத்துறையில் அவர் எழுதிய நூல் தலைமுறைகளைக் கடந்து மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரும் அவரே. 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1966-ல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமையும் வரை எங்கள் பகுதிக் கல்லூரிகளும் அவரது ஆளுகையில்தான் இருந்தன. அதனால் இங்குள்ள பலர் அவரைக் கல்வியாளராக மட்டுமே அறிவர்.

இரட்டையரில் மற்றவரான ராமசாமி முதலியார், 1946-ல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். அம்மன்றம் கூட்டிய மாநாட்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் உருவாயிற்று. 1948-ல் ஜெனீவாவில் கூடிய முதல் உலக சுகாதாரப் பேரவைக்கு இந்தியக் குழுவில் ஒருவராகச் சென்றார் லட்சுமணசாமி. நிறுவனத்தின் முதல் மண்டல அலுவலகம் அவ்வாண்டே டெல்லியில் அமைந்தது. இந்தியா, இலங்கை, பர்மா, சியாம் உள்ளிட்ட நாடுகள் நோய்த்தடுப்புக்காக ஒரே மேசையில் அமர்ந்தன. பின்னர் அந்நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும், 1961-ல் டெல்லியில் கூடிய 14-ஆவது பேரவைக்கும் அவர் தலைமை வகித்தார்.

1962-ல் இந்தியா தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், பிகாரில் பெரியம்மை மூர்க்கமாகப் பரவிய 1974-ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். மறு ஆண்டு மே மாதம் இந்தியாவில் கண்டறியப்பட்ட கடைசி நோயாளி, வங்கதேசத்திலிருந்து வந்தவர். அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ஒரு சிறுமியோடு ஆசியாவில் அந்நோய் முடிவுக்கு வந்தது. அண்டை நாட்டில் நோய் இருக்கும்வரை நம் வெற்றி முழுமையாகாது என்பதை அந்த ஐந்து மாதங்கள் காட்டின.

2020-ல் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தோப்பூர் அரசு மருத்துவமனை கரோனா சிகிச்சை மையமானது. அந்த மார்ச்சில் சார்க் தலைவர்கள் காணொலியில் கூடினர். கூட்டு நிதிக்கு இந்தியா ஒரு கோடி டாலர் அறிவித்தது. 2021 ஜனவரியில் பூடானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பினோம். இரண்டாம் அலை தாக்கியதும் ஏற்றுமதி நின்றது. நேபாளத்திலும் வங்கதேசத்திலும் முதல் தவணை போட்டுக்கொண்ட பலர் இரண்டாவது தவணைக்குக் காத்துக் கிடந்தனர்.

சொந்த மக்கள் மூச்சுக்குத் தவித்தபோது ஏற்றுமதியை நிறுத்தியதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் தடுப்பூசி உற்பத்தி, கையிருப்பு, நோய்க் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு அண்டை நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தால் இந்த இக்கட்டு நேர்ந்திருக்காது. இன்றும் இந்தியாவும் பாகிஸ்தானும் உலக சுகாதார நிறுவனத்தின் வெவ்வேறு மண்டலங்களில் இருக்கின்றன. நோய்க்கு அந்தப் பிரிவினை தெரியாது.

அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திராமல் அந்த ஒப்பந்தத்துக்கான பேச்சை இப்போதே தொடங்க வேண்டும். லட்சுமணசாமி முதலியாரின் தலைமுறை அமைத்துத் தந்த மேசை டெல்லியில் இன்னும் இருக்கிறது.