பறவையறிஞர் சலீம் அலி

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் வீட்டுத் தோட்டங்களில் காலைப் பொழுதிற் சற்றே நின்று நோக்குவோர் ஒரு பூசலைக் காண்பர். பூத்த செடியொன்றைத் தனக்கே உரியதாகக் கொண்ட ஆண் தேன்சிட்டு, அங்கு வரும் பிறிதொரு சிட்டைக் கீச்சிட்டு விரட்டும். அது திரும்புவதற்குள் மூன்றாவதொன்று தேனை உறிஞ்சிப் பறந்துவிடும். ஒரு சாண் நீளமுமில்லாத பறவைக்கு இத்துணைச் சினமா என வியந்து நாம் அப்பாற் செல்வோம். அவ்வாறு செல்லாமல் நின்று ஆராய்ந்தவர் சலீம் அலி.

அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் தோன்றக் கண்டு, அஃது எவ்வினம் என்று அறிய விழைந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே மில்லார்டு என்பவர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பேழை பேழையாகத் திறந்து காட்டினார். சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே வகுக்கப்பட்டது.

பாதை எளியதன்று. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1929 இல் ஜெர்மனி சென்று பெர்லினிற் பறவையியல் பயின்றார். 1930 இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் முன்பு வகித்த வேலையும் பொருட்குறைவால் நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெமினாவுடன் கிஹிம் என்னும் கொங்கணக் கடற்கரைச் சிற்றூரிற் குடியேறினார். நாள் முழுதும் மரத்தை அண்ணாந்து நோக்கும் அவரை ஊரார் என்னவென்று எண்ணினரோ! தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை அவர் நுணுகிக் கண்டது அங்கேதான்.

கொங்கணத்தில் மரங்களிற் பற்றி வளரும் புல்லுருவியும் அவர் கருத்தைக் கவர்ந்தது. அதன் மொட்டைத் தேன்சிட்டு அலகால் நெருக்கும்போது, மொட்டு வெடித்து மகரந்தம் பறவையின்மேற் சிதறுகிறது. அப்பறவை அடுத்த மலரை நாடும்போது மகரந்தமும் உடன் செல்கிறது. கனி பழுத்தபின் பூங்கொத்தி என்னும் சிறு பறவை அதனை விழுங்கிப் பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிடுகிறது. மாமரம் வைத்திருப்போர்க்கு இவ்விரு பறவைகளின் தொண்டு இன்பம் தருவதன்று! 1931 இல் இதுபற்றி எழுதிய சலீம் அலி, மறு ஆண்டில் மலர்ப்பறவைகளையும் பறவைமலர்களையும் குறித்து விரிந்த கட்டுரை வெளியிட்டார். முள்முருங்கையும் இலவும் பூத்தால் காகம், மைனா, கரிச்சான் எல்லாம் திரண்டு பூசலிடும். துரத்தப்பட்ட பறவை தலையிற் படிந்த மகரந்தத்தோடு அடுத்த மரத்தை அடையும். பூசலாலும் மரம் பயன் கொள்கிறது. எனினும் எல்லா மலர்க்கும் இந்நலம் வாய்ப்பதில்லை. செம்பருத்தியின் அடிப்புறத்தைத் துளைத்துத் தேனைக் கவரும்போது தேன்சிட்டு வெறுங் கள்வனே.

1933 இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். 1941 இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987 ஜூன் 20 இல் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990 இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.