தரையில் உறங்கிய தளபதி

பிரிகேடியர் முகமது உஸ்மான் 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பீபிபூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறை அதிகாரி. இளமையில் உஸ்மானுக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் அவர் அச்சம் அறியாதவர். பன்னிரண்டாம் வயதில், கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றச் சிறிதும் தயங்காமல் உள்ளே குதித்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியர் ஒருவர் படை அதிகாரியாவது எளிதன்று. உஸ்மானுக்கு 1932இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்து பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் பணியாற்றினார்.

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. நிலத்தைப் போலவே படையும் பங்கிடப்பட்டது. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குச் சென்றது. உஸ்மானும் உடன் செல்வார் என்றே பலரும் எண்ணினர். அங்கே அவருக்கு உயர்பதவி தருவதாக அந்நாட்டுத் தலைவர்கள் அழைத்தனர் என்பர். அவரோ பிறந்த மண்ணிலேயே இருக்க முடிவு செய்தார். பழகிய ரெஜிமெண்டையும் தோழர்களையும் பிரிந்து, டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாறினார். வீரனுக்கு அது சிறிய இழப்பன்று.

அவ்வாண்டு டிசம்பரில், காஷ்மீர்ப் போரில் ஈடுபட்டிருந்த 50ஆம் பாராசூட் பிரிகேடின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாராசூட் வீரர்கள் வானூர்தியிலிருந்து குடை விரித்துக் குதிக்கப் பயின்றவர்கள். நௌஷேராவின் குன்றுகளிலோ அவர்கள் காலாட்படையினராகவே நின்று போரிட்டனர். மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் கூடும் ஜாங்கர் என்ற ஊர் அம்மாத இறுதியில் எதிரியிடம் வீழ்ந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் உறுதி பூண்டார். கடுங்குளிரிலும் தரையில் பாய் விரித்தே உறங்கினார்.

1948 பிப்ரவரி 6 அன்று பெருந்திரளான எதிரிகள் நௌஷேராவைத் தாக்கினர். உஸ்மானின் படை அவர்களை முறியடித்தது. அன்று முதல் நௌஷேராவின் சிங்கம் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் தலைக்கு எதிரிகள் ஐம்பதாயிரம் ரூபாய் விலை வைத்தனர். போரில் பெற்றோரை இழந்து அவ்வூரில் திரிந்த சிறுவர்களை ஒன்றுசேர்த்துப் பாலசேனை ஒன்றை அமைத்தவரும் அவரே. அச்சிறுவர்கள் படைவீரர்களுக்குச் செய்திகளைக் கொண்டுசென்று உதவினர்.

மார்ச் 18ஆம் நாள் ஜாங்கர் மீட்கப்பட்டது. அன்றிரவுதான் தளபதிக்கு ஒரு கட்டில் தேடப்பட்டது. முகாமில் கட்டில் ஏதும் இல்லை. ஊரிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிவந்தனர்!

மீட்ட ஊரைக் காப்பது மீட்பதினும் கடினமாயிற்று. எதிரிகளின் பீரங்கிகள் ஜாங்கரை மீண்டும் மீண்டும் தாக்கின. ஜூலை 3ஆம் நாள் மாலை, அருகில் விழுந்து வெடித்த பீரங்கிக் குண்டுக்கு உஸ்மான் பலியானார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் அவருக்கு முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும்.

அவர் மணம் புரியாதவர். ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைச் சிறுவர்களின் கல்விக்கே செலவிட்டவர். அவருடைய உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டது. பிரதமர் நேருவும், தலைமை ஆளுநராகிச் சில நாள்களே ஆகியிருந்த இராஜாஜியும் இறுதி ஊர்வலத்திற்கு வந்தனர். ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.