வள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்ஸின்

அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடித் தம் செல்வத்தை ஈந்தோருள் வங்காளத்தின் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களை நாம் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். 1732-இல் ஹூக்ளியில் பிறந்த அன்னார், பல நாடுகளில் பயணம் செய்து, ஹஜ்ஜும் நிறைவேற்றித் தாயகம் திரும்பினார்கள். சகோதரி மன்னுஜான் 1803-இல் வஃபாத்தானபோது பெரும் ஜமீன் அன்னார் வசமாயிற்று. மணம் செய்யாது எளிமையாக வாழ்ந்த அவர்கள், 1806-இல் அச்சொத்தை வக்ஃபு செய்து, 1812-இல் வஃபாத்தானார்கள்.

பின்னர் முத்தவல்லிகளின் முறைகேட்டால் நிர்வாகம் அரசின் கைக்குச் சென்றது. அந்நிதியைக் கொண்டு 1836-இல் ஹூக்ளியில் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே அங்குப் பயின்றனர். 1873-இல்தான் கல்லூரிச் செலவை அரசு ஏற்க, முஹ்ஸின் நிதி முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்திற்கும் உதவித்தொகைக்கும் மத்ரஸாக்களுக்கும் திருப்பப்பட்டது. வள்ளல் மறைந்து அறுபதாண்டுகளுக்குப் பின்னரே அக்கொடை ஏழைப் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

கொடை இருந்தால் மட்டும் போதாது. உரியவர் கையில் உரிய நேரத்தில் சேர வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை. இன்றும் கல்வி உதவித்தொகைகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் நம் பிள்ளைகளோ வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எடுக்கத் தாமதித்துக் கடைசித் தேதியைத் தவறவிடுகின்றனர். சில பெற்றோர் கேட்கவே கூச்சப்படுகின்றனர். தகுதியுள்ளவர் மனுச் செய்வது யாசகமன்று. மனு எழுதத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குப் படித்த நாமே உடனிருந்து எழுதிக் கொடுப்போமாக! அதுவும் ஸதகாவே.