சகோதரன் கொடுத்த சிறுநீரகம்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இரட்டையர்கள் ரிச்சர்டு ஹெரிக், ரொனால்டு ஹெரிக். 1931-ல் பிறந்தவர்கள். இருவரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பார்கள்.

ரிச்சர்டு கடலோரக் காவல் படையில் பணியாற்றினார். அவரைச் சிறுநீரக நோய் பிடித்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன. உடம்பு வீங்கியது. ரத்தக் கொதிப்பு கடுமையாக ஏறியது. சாவு நெருங்கியது.

தோல் பரிசோதனை

பிறர் உறுப்பை வைத்தால் உடம்பு ஏற்காது, தள்ளிவிடும். ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்றால்? ரொனால்டின் தோலில் சிறிது எடுத்து ரிச்சர்டுக்கு ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டது!

ரொனால்டு சிறுநீரகம் தர முன்வந்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு, வீட்டுக்குப் போய்விடும்படி ரிச்சர்டு அவருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். ரொனால்டு அசையவில்லை.

1954 டிசம்பர் 23. பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜோசப் மர்ரே சிறுநீரகத்தைப் பொருத்தினார். 82 நிமிடம் ரத்தம் இன்றி இருந்த அந்தச் சிறுநீரகம், உடனே வேலை செய்யத் தொடங்கியது!

அடங்காத கொதிப்பு

ரிச்சர்டு தேறினார். ஆனால் ரத்தக் கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. காரணம் என்ன? பழைய சிறுநீரகங்கள் உள்ளேயே இருந்தன. நோயுற்ற சிறுநீரகம் 'ரெனின்' என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கும். அதனால் ரத்தக் குழாய்கள் இறுகும், கொதிப்பு ஏறும். 1955-ல் அந்த இரண்டையும் டாக்டர்கள் அகற்றினார்கள். அதன் பிறகே கொதிப்பு தணிந்தது.

தம்மைக் கவனித்த நர்ஸையே ரிச்சர்டு மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன. எட்டு ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தார். பிறகு, பழைய நோய் புதுச் சிறுநீரகத்தையும் தாக்கியது. 1963-ல் காலமானார்.

மறக்கக் கூடாது

இன்று எல்லோருக்கும் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. கொதிப்பை அடக்க நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் புது உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்கத் தரும் மருந்துகளில் சிலவே கொதிப்பை ஏற்றும். புதுச் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தக் குழாய் சுருங்கினாலும் ஏறும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் கெடும், இதயமும் கெடும். ஆகவே, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவே கூடாது.

மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சிறுநீரகத்தோடு வாழ்ந்த ரொனால்டு, கணித ஆசிரியராகப் பணிபுரிந்து, 2010-ல் தமது 79-வது வயதில் மறைந்தார்.