ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 – ஜனவரி 26, 1879) பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவர் ஆவார். இவர் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ் பெற்று, இலங்கையின் மலையகத்தில் மறைந்தார். இவருக்குச் சொந்தமாக முதல் கேமரா கிடைத்தபோது இவருடைய வயது 48. அதன் பின்னர் ஏறத்தாழ 15 ஆண்டுகளே வாழ்ந்தார். இக்குறுகிய காலத்தில் இவர் எடுத்த படங்களுள் 1,200க்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. மனித முகங்களை மிக அண்மையில் வைத்து, விளிம்புகள் மங்கிய மென்மையான தோற்றத்தில் எடுக்கப்பட்ட உருவப்படங்கள் இவருக்கே உரிய அடையாளமாகக் கருதப்படுகின்றன. இலங்கையில் தோட்டத் தொழிலாளர்களையும் பணியாளர்களையும் எடுத்த படங்கள் இவரது இறுதிக் காலப் படைப்புகளாகும்.

பிறப்பும் இளமையும்

இவரது இயற்பெயர் ஜூலியா மார்கரெட் பேட்டில். தந்தை ஜேம்ஸ் பேட்டில் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அதிகாரியாக இருந்தார். தாய் அடலின் பிரெஞ்சுப் பிரபு குலத்தைச் சேர்ந்தவர். ஜூலியா சிறு வயதிலேயே பிரான்சுக்கு அனுப்பப்பட்டுப் பெரும்பாலும் அங்கேயே கல்வி கற்றார். 1834ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார்.

1836ஆம் ஆண்டு உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் பின்னாளில் கணவரான சார்லஸ் ஹே கேமரன். மற்றொருவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். ஒளிப்படங்களை நிலைப்படுத்த உதவும் ஹைப்போ உப்பின் தன்மையை 1819இல் கண்டறிந்தவர் ஹெர்ஷலே. ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னர், அதன் தொடக்ககால மாதிரிகள் சிலவற்றை இந்தியாவிலிருந்த ஜூலியாவுக்கு அவர் அனுப்பி வைத்தார். கேமரா கைக்கு வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒளிப்படம் பற்றிய அறிமுகம் இவருக்கு இவ்வாறு கிடைத்தது.

திருமணமும் இந்திய வாழ்வும்

ஜூலியாவுக்கும் சார்லஸ் கேமரனுக்கும் 1838ஆம் ஆண்டு கல்கத்தாவில் திருமணம் நடைபெற்றது. சார்லஸ் இவரை விட 20 ஆண்டுகள் மூத்தவர், சட்ட வல்லுநர். இலங்கையின் ஆட்சி, நீதி அமைப்புகளை மாற்றியமைத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்தவர். மெக்காலே தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையத்திலும் பணியாற்றினார். 1843 முதல் 1848 வரை தலைமை ஆளுநரின் அவையில் சட்ட உறுப்பினராக விளங்கினார். இலங்கையில் பெருமளவு நிலம் வாங்கிக் காப்பித் தோட்டங்களை அமைத்தார்.

இவர்களுக்கு ஒரு மகளும் ஐந்து மகன்களும் பிறந்தனர். உறவினரின் பெற்றோரற்ற பிள்ளைகளையும் இவர்கள் வளர்த்தனர். 1848இல் சார்லஸ் ஓய்வு பெற்றதும் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வீடு வாங்கிக் குடியேறினர். இலங்கையிலிருந்த தங்கள் தோட்டத்தின் பெயரை ஒட்டி அவ்வீட்டுக்கு டிம்போலா எனப் பெயரிட்டனர். கவிஞர் டென்னிசன் இவர்களது அண்டை வீட்டுக்காரர்.

முதல் கேமரா

1863ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் தோட்ட அலுவல்களைக் கவனிக்க இலங்கை சென்றிருந்தார். பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்துவிட்டிருந்தனர். தனிமையில் இருந்த தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் டிசம்பர் மாதத்தில் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். மரப்பெட்டியால் ஆன அக்கருவியில் ஏறத்தாழ 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தகடுகள் பயன்படுத்தப்பட்டன.

அக்காலத்தில் கேமரா வைத்திருப்பது எளிய செயல் அன்று. சுருள் படலம் கொண்ட கோடக் கேமரா 1888இலும், குறைந்த விலையிலான பிரவுனி கேமரா 1900இலும்தான் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு முன் கேமரா வைத்திருந்தவர் வேதிப்பொருள்களைக் கையாளவும் அறிந்திருக்க வேண்டும். கேமரன் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தகடு காயும் முன்பே படம் எடுத்து, உடனே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். சிறு தூசியும் படத்தைக் கெடுத்துவிடும். வெள்ளி நைட்ரேட்டு கைகளிலும் துணிகளிலும் கறுத்த கறையை உண்டாக்கும். பின்னர் முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டின் அடியில் வைத்து, சூரிய ஒளியில் படி எடுக்க வேண்டும்.

கேமரன் கோழிக்கூண்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு அறையாகவும், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றினார். உதவுவதற்கு ஆளின்றித் தாமே முயன்று கற்றார். பல தகடுகள் வீணாயின. 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியை எடுத்த படமே தமது முதல் வெற்றி எனக் கருதினார். அன்றே அதனைப் படியெடுத்துச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தைக்கு அளித்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் ஒளிப்படக் கழகத்தின் உறுப்பினரானார்.

ஒளிப்படப் பாணி

படம் எவ்வளவுக்கு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறதோ அவ்வளவு சிறந்தது என்பது அக்கால ஒளிப்படத் தொழிலரின் கருத்து. கேமரனோ முகம் அழகாகத் தோன்றும் நிலையிலேயே வில்லையைத் திருப்புவதை நிறுத்திவிடுவார். அமர்ந்திருப்பவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்ததால் சிறு அசைவுகளும் படத்தில் பதிந்தன. தகட்டில் விழுந்த கீறல்களையும் விரல் தடங்களையும் இவர் பெரிதாக எண்ணவில்லை. ஒளிப்பட இதழ்கள் இவரைத் தொழில்நுட்பம் அறியாதவர் எனக் கடுமையாகச் சாடின. ஆனால் ஓவியர்களும் கவிஞர்களும் இப்படங்களை வரவேற்றனர். 1865இல் இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் இவரது படங்களை வாங்கியது. அதுவே இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகும். 1868இல் அங்கு இரண்டு அறைகள் இவருக்குப் படப்பிடிப்புக்காக ஒதுக்கப்பட்டன.

1866 முதல் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட தகடுகளுக்கான பெரிய கேமராவைப் பயன்படுத்தினார். டென்னிசன், தாமஸ் கார்லைல், சார்லஸ் டார்வின் ஆகியோரின் உருவப்படங்கள் இவர் எடுத்தவற்றுள் புகழ்பெற்றவை. 1867இல் நண்பர் ஹெர்ஷலின் வீட்டுக்கே கருவிகளை எடுத்துச் சென்று படம் எடுத்தார். அவரது வெண்ணிற முடியைக் கழுவச் செய்து, அது கலைந்து ஒளியில் மின்னும்படி அமைத்தார். மருமகள் உறவுடைய ஜூலியா ஜாக்சனைப் பலமுறை படம் எடுத்துள்ளார். எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் தாய் இவரே.

வீட்டுப் பணிப்பெண்களும் படங்களில் இடம்பெற்றனர். மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண் பல படங்களில் கன்னி மரியாளாகத் தோன்றுகிறார். ஏழை அயர்லாந்துப் பெண் ஒருவரின் மகளான மேரி ரயன் இவரது வீட்டில் வளர்ந்தவர். கண்காட்சி ஒன்றில் மேரியின் படத்தைக் கண்டு ஈர்க்கப்பட்ட ஹென்றி காட்டன் 1867இல் அவரை மணந்தார். இந்தியக் குடிமைப் பணி அதிகாரியான இவர், 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கினார்.

இலங்கையில்

கேமரன் குடும்பத்தின் வருவாய் இலங்கைக் காப்பித் தோட்டங்களையே நம்பியிருந்தது. ஒளிப்படங்களைப் பதிப்புரிமை பதிவு செய்து விற்றதற்கு இப்பணத் தேவையும் ஒரு காரணம். 1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அந்நோய் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கும் பரவியது. காலப்போக்கில் இலங்கை மலையகத்தில் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது.

1875ஆம் ஆண்டு அக்டோபரில் கேமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டனர். மகன்களில் சிலர் ஏற்கெனவே இலங்கையில் இருந்தனர். தங்களுக்கு அங்கே சவப்பெட்டி கிடைக்காமல் போகலாம் என எண்ணி, இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் எடுத்துச் சென்றனர் என்பர். களுத்துறையிலும் மலையகத் தோட்டங்களிலும் மாறி மாறி வாழ்ந்தனர்.

வெப்பமும் ஈரப்பதமும் கொலோடியன் முறைக்கு ஏற்றவை அல்ல. வேதிப்பொருள்களைப் பெறுவதும் கடினமாக இருந்தது. இலண்டன் சந்தையும் தொலைவில் இருந்தது. இதனால் இலங்கையில் எடுத்த படங்களுள் 30க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 1877இல் களுத்துறைக்கு வந்த தாவர ஓவியர் மேரியன் நார்த்தை, நண்பகல் வெயிலில் சால்வை போர்த்தித் தென்னை ஓலைகளின் முன் நிறுத்திப் படம் எடுத்தார்.

ஏனைய படங்களில் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் காணப்படுகின்றனர். இவர்களுள் பலர் தமிழர் எனக் கருதப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார் வழியாக நடந்தே மலையகம் சென்றவர்களின் மரபினர் இவர்கள். அக்காலத்தில் மலைவாழ் மக்களைப் படம் எடுத்தோர் அவர்களை இன வகை மாதிரிகளாகவே காட்டினர். நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளிவந்த நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலின் ஒளிப்படங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. கேமரனின் இலங்கைப் படங்கள் அளவெடுக்கும் நோக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. டென்னிசனையும் ஹில்லியரையும் நோக்கிய அதே கண் இவற்றிலும் புலப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தின் பணிப்பெண்களுக்குப் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் கிடைக்கின்றன. இலங்கையில் படம் எடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படவில்லை. தோட்ட உரிமையாளரின் மனைவி அழைத்தபோது மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்னும் வினாவை ஆய்வாளர்கள் எழுப்புகின்றனர்.

மறைவு

1878இல் கேமரன் குறுகிய காலம் இங்கிலாந்து சென்று திரும்பினார். பின்னர் நோய்வாய்ப்பட்டு, 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு சார்லசும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

பிற்கால மதிப்பீடு

1874இல் இவர் எழுதத் தொடங்கி நிறைவு செய்யாத தன்வரலாறு, இறந்த பின்னர் 1889இல் வெளிவந்தது. 1926இல் வர்ஜீனியா வூல்ஃபும் கலை விமர்சகர் ரோஜர் பிரையும் இணைந்து இவரது படங்களை நூலாக வெளியிட்டனர். 1948இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் எழுதிய நூல் இவருக்கு ஒளிப்பட வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றுத் தந்தது. ஒரு காலத்தில் பிழை எனச் சாடப்பட்ட மங்கிய தோற்றம், பின்னர் கலைஞரின் தெரிவு என ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரெஷ்வாட்டரிலுள்ள டிம்போலா வீடு தற்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது. இலங்கைப் படங்கள் எண்ணிக்கையில் சிலவே ஆயினும், காப்பித் தோட்டக் காலத்தில் வாழ்ந்த எளிய மக்களின் முகங்களைக் காட்டும் அரிய ஆவணங்களாக மதிக்கப்படுகின்றன.