பிரீட்ரிக் மீஷெர்

இக்காலத்து ஆராய்ச்சிச்சாலைகளில் டி.என்.ஏ. என்னும் உயிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தற்கென அமைந்த கருவிகள் பல. நிமிஷத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் யந்திரங்களும், காந்தம் இழுக்கும் நுண்மணிகளில் அப்பொருளை ஒட்டச்செய்து வாங்கும் பொறிகளும் மாணவர் கைக்கும் எளியவாயின. இவற்றுள் ஒன்றுமின்றி அதனை முதன்முதற் பிரித்தெடுத்த பெரியாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மீஷெர் 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி சுவிட்ஜர்லாந்து தேசத்துப் பாஸல் நகரிற் பிறந்தார். தந்தையார் மருத்துவர், அம்மான் வில்ஹெல்ம் ஹிஸ் உடற்கூற்று நூலில் வல்லவர். இளமையிற் கண்ட நோயால் மீஷெருக்குச் செவிப்புலன் குறைந்தது. நோயாளரின் நெஞ்சொலியைக் கேட்டறிய வேண்டிய தொழில் தமக்கு அரிதென உணர்ந்தவர், மருத்துவப் பட்டம் பெற்ற பின் இரசாயன ஆராய்ச்சியை மேற்கொண்டார்.

1868-ல் ஜெர்மனியிலுள்ள டூபிங்கன் நகரஞ் சென்று பேராசிரியர் ஹோப்பே-ஸைலரிடம் பயிலலானார். அந்நகரத்துப் பழைய கோட்டையின் அடுக்களையே அவருக்கு ஆராய்ச்சிச்சாலை. அருகிலிருந்த மருத்துவச்சாலையினின்று சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளை வருவிப்பார். பிறர் அருவருத்தெறிந்த அத்துணிகளை ஸோடியம் ஸல்பேட் கரைசலால் அலம்பி வெள்ளணுக்களைப் பிரிப்பார். சுழல் யந்திரம் இல்லாமையால் அவை தாமே அடியிற் படியுமளவும் காத்திருப்பார். பின்னர் வெதுவெதுப்பான ஆல்கஹாலாற் கொழுப்பை நீக்கி, பன்றியின் இரைப்பையினின்று எடுத்த பெப்ஸினாற் புரதத்தைச் செரிப்பித்து, அணுக்களின் உட்கருவை மட்டும் தனிப்படுத்தினார். 1869-ல் அவ்வுட்கருவினின்று புதியதொரு பொருள் கிடைத்தது. காரத்திற் கரைந்து, அமிலத்திற் படியும் அப்பொருளிற் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. புரதங்களுக்குரிய இயல்பு அதற்கில்லை. அதற்கு நியூக்ளீன் எனப் பெயரிட்டார்.

ஆசிரியரோ அதனை எளிதில் ஏற்றாரல்லர். அச்சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்த பின்னரே 1871-ல் அச்சிட இசைந்தார். மாணவரும் அதுவரை பொறுத்திருந்தார்.

பாஸலுக்கு மீண்டு, 1872-ல் பேராசிரியரான மீஷெர், ரைன் நதியில் ஏறிவரும் ஸால்மன் மீனின் விந்தினின்று அப்பொருளை இன்னும் தூயதாக எடுக்க முயன்றார். வெம்மையில் அது சிதையுமென அறிந்து, பனிக்காலத்தில் விடியுமுன்னரே எழுந்து, கணப்பில்லாத அறையிற் சாளரங்களைத் திறந்துவைத்து உழைத்தார். உடல் நலிந்தது, க்ஷயரோகம் பற்றியது. 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி டாவோஸ் என்னும் மலையூரில், ஐம்பத்தோராம் வயதில், உயிர் நீத்தார்.

தாம் கண்டது மரபின் வித்தென்பதை அவர் தெளிந்தாரல்லர். அவர் பிறந்து நூறாண்டு கழிந்த 1944-லேதான், ஒருவகைக் கிருமியின் மரபுக்குணத்தை மாற்றவல்லது டி.என்.ஏ. என்பதை ஏவெரி என்பாரும் அவர் துணைவரும் அமெரிக்காவில் நிறுவினர்.

அணுவை உடைத்தலும், புரதத்தை நீக்கலும், எஞ்சியதைத் தூயதாக வாங்கலுமாகிய அப்பழைய வழியே இன்றைய பொறிகளும் செல்கின்றன. அவர் நாட்கணக்கிற் செய்ததை அவை நாழிகையிற் செய்து முடிக்கின்றன. ஆயினும் கலப்புற்ற பொருளை எப்பொறியில் இட்டாலும் பெறும் முடிவு பொய்யாகும். ஆதலின் கருவி மிகுந்த இந்நாளில் மாணவராகிய நாம் அவர்பாற் கற்கவேண்டுவது, தூய்மையில் அவர் கொண்ட பிடிவாதமும் காத்திருக்கும் பொறுமையுமேயாம்.